சுருள் கற்றாழை வளர்ப்பு: வேருக்குக் குளிர்ச்சி, தண்ணீருக்கு ஓட்டம்

சோற்றுக்கற்றாழையை வேரோடு பிடுங்கி, திருஷ்டிக்கென்று வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு சுருள் கற்றாழையை வளர்க்கப் போனால் முதல் கோடையிலேயே செடி போய்விடும். மொட்டை மாடி வெயில், வாரம் ஒரு கை தண்ணீர், மீதியைக் கற்றாழையே பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு இதனிடம் செல்லாது. இது பாலைவனச் செடி அல்ல. பனி விழும் மலைச்சரிவில், பாறை இடுக்கில், எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர் கசிந்து ஓடும் இடத்தில் வளரும் செடி. பெயரில் மட்டும்தான் கற்றாழை என்று நினைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

தாவரவியல் பெயர் அலோ பாலிஃபில்லா. பாலிஃபில்லா என்றால் பல இலைகள் கொண்டது. தென்னாப்பிரிக்காவால் நாலாபுறமும் சூழப்பட்ட லெசோத்தோ என்ற சிறிய மலைநாட்டில் மட்டும் இயற்கையாக வளர்கிறது. அந்த நாட்டின் தேசியச் செடியும் இதுதான். சோத்தோ மொழியில் கரெட்சா என்பார்கள். ஐந்து வரிசைகளாக மடல்கள் சுழன்று சுழன்று அடுக்கப்பட்டிருக்கும். ஒரு வரிசையில் 15 முதல் 30 மடல் வரை. நன்கு வளர்ந்த செடி 60 முதல் 80 செ.மீ. அகலம் இருக்கும். தண்டு எழும்பாது, தரையோடு ஒட்டியே விரியும்.

காட்டில் இது இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டால் வளர்ப்பு முறையில் பாதி தெரிந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், செங்குத்தான எரிமலைப் பாறைச் சரிவுகள். கோடையில் மழையும் மேகமூட்டமும், குளிர்காலத்தில் உறைபனியும் வெண்பனியும். மண் என்று பார்த்தால் உடைந்த பாறைத் துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் மட்கு. மழை கொட்டும், ஆனால் ஒரு நிமிடம்கூடத் தேங்காது. சரிவில் சாய்ந்தபடி முளைத்திருப்பதால் செடியின் குருத்திலும் தண்ணீர் நிற்காது. ஆக, நிறையத் தண்ணீர், தேக்கம் கூடாது, வேர் எப்போதும் குளிர்ச்சி. இந்த மூன்றில் எது தவறினாலும் செடி நிற்காது.

உங்கள் ஊர் தாங்குமா

வாங்குவதற்கு முன்பே இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். பகலில் 10 முதல் 25 டிகிரி, இரவில் அதற்கும் கீழே என்ற தட்பவெப்பத்தில் செடி செழிக்கும். 30 டிகிரியைத் தாண்டிய வெயில் ஓரிரு நாள் வந்து போனால் பாதகமில்லை. இரவும் குளிராமல், வாரக்கணக்கில் புழுக்கம் நீடித்தால் வேர் அழுக ஆரம்பிக்கும்.

எனவே சென்னை, மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம், கொழும்பு, சிங்கப்பூர் என்றால் வேண்டாம். நிழல்வலை கட்டினாலும், மின்விசிறி வைத்தாலும் கடைசியில் தோல்விதான். சமவெளியில் இருப்பவர்களுக்குச் சுருள் அமைப்பின் அழகு வேண்டுமென்றால் வெப்பம் தாங்கும் வேறு கற்றாழை இனங்கள் எத்தனையோ உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகை, 2,100 மீட்டரை ஒட்டிய கொடைக்கானல், 1,860 மீட்டர் அளவிலுள்ள நுவரெலியா போன்ற ஊர்களில் முயன்று பார்க்கலாம். உதகையின் குளிர்கால உறைபனி இதற்குப் பழக்கப்பட்ட ஒன்று. குன்னூர், கோத்தகிரி உயரத்தில் மார்ச் முதல் மே வரை கூடுதல் கவனம் தேவைப்படும். வெளிநாட்டில் இருப்பவர்களில் லண்டன், நியூசிலாந்து பக்கம் வசிப்பவர்களுக்கு இது எளிது. மெல்போர்னில் 40 டிகிரி தொடும் நாட்களில் மட்டும் நிழலுக்கு மாற்ற வேண்டியிருக்கும். டொராண்டோ குளிரில் வெளியே விட முடியாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. வைக்க நினைக்கும் இடத்தில் மண் நிரப்பிய காலித் தொட்டி ஒன்றை வைத்து, வெப்பமான மாதத்தில் மாலை 3 மணிக்கு வெப்பமானியை 5 செ.மீ. ஆழத்தில் செருகிப் பாருங்கள். 25 டிகிரிக்குள் நின்றால் துணிந்து வாங்கலாம். 30ஐத் தாண்டினால் இடத்தை மாற்றுங்கள், அல்லது ஆசையை விடுங்கள். காற்றின் வெப்பத்தைவிட மண்ணின் வெப்பம்தான் இங்கே கணக்கு. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் காய்ந்தால், வெளியே 26 டிகிரி இருந்தாலும் உள்ளே வேர் வெந்துபோகும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

லெசோத்தோவில் இந்தச் செடிக்கு 1938 முதலே சட்டப் பாதுகாப்பு உண்டு. காட்டிலிருந்து தோண்டி விற்றதால்தான் அருகிப்போனது. தோண்டிய பெரிய செடிகள் பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை, அது தனிக் கொடுமை. சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பில் இது இருக்கிறது, விதையும் அதில் அடக்கம். நாற்றங்காலில் உற்பத்தி செய்த செடிகளை உரிய ஆவணத்தோடு விற்கலாம், வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் சைட்டிஸ் ஆவணம், தாவர நலச் சான்றிதழ், இந்தியாவுக்கு என்றால் தாவரத் தனிமைக்காப்பு இறக்குமதி அனுமதி ஆகியவை வேண்டும். இவை எதுவும் இல்லாமல் உறையில் வைத்து அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

விதை என்ற பெயரில் இணையத்தில் விற்பதில் பெரும்பகுதி ஏமாற்று. படத்தில் நீலம், ஊதா, சிவப்பு எனச் சுருள் கற்றாழை மின்னினால் அது கணினியில் நிறம் ஏற்றியது. அசல் செடி சாம்பல் பச்சைதான். அசல் விதை தட்டையாக, சிறியதாக, ஓரத்தில் மெல்லிய சிறகோடு இருக்கும். கடுகு போல உருண்டையாக வந்தால் வேறு ஏதோ.

சின்னச் செடியில் சுருள் தெரியாது. அதனால் மடலைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். மடல் அகலமாகவும் தடித்தும் இருக்கும், ஓரத்தில் வெளிர் நிற முட்கள், நுனி கருஞ்சிவப்பாகக் காய்ந்து ஊசிபோல் கூர்ந்திருக்கும். மடலின் அடிப்பக்கம் ஒரு முகடு ஓடும். அது நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுவதுதான் முக்கிய அடையாளம். மடல் முழுக்க வெள்ளைப் புள்ளி தெளித்ததுபோல் இருந்தால் அது வேறு இனம்.

முதல் முறை வாங்குபவர்கள் 10 முதல் 15 செ.மீ. அகலமுள்ள செடியை வாங்குவது நல்லது. அதைவிடச் சின்னது சிறு தவறுக்கும் செத்துவிடும். பெரியது விலையும் அதிகம், இடமாற்றத்தைத் தாங்குவதும் குறைவு. திசு வளர்ப்பில் உருவான கன்றுகள்தான் சந்தையில் பெரும்பாலும் கிடைக்கும். அவற்றில் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று தலைகள் முளைத்திருப்பது சகஜம். மூன்று செடி ஒரு விலையில் என்று மகிழ வேண்டாம். பக்கக்கன்று நெருக்கினால் நடுச்செடியின் சுருள் கோணலாகும். வாங்கியதும் பிரிக்காமல், செடி புது இடத்துக்குப் பழகியபின், குளிர்ந்த பருவத்தில் கூர்மையான கத்தியால் பக்கக்கன்றை அறுத்தெடுங்கள். வெட்டுவாயை நிழலில் நான்கைந்து நாள் உலரவிட்டு, ஈரப்பதம் மட்டும் உள்ள பொடிக்கல்லில் நட்டால் வேர்விடும்.

கலவை

தோட்டத்து மண்ணை அப்படியே போடக்கூடாது. அதேபோல், சதைச்செடிகளுக்கு என்று விற்கும் வெறும் மணல் கலவையும் சரிவராது. அது காய்ந்து போகும், இந்தச் செடிக்கோ ஈரம் வேண்டும்.

பத்துப் பங்காகக் கணக்கிட்டால், 4 முதல் 8 மி.மீ. அளவுள்ள பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல் அல்லது கருங்கல் சிப்ஸ் 5 பங்கு, நன்கு மக்கிய இலைமட்கு 3 பங்கு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைப் பொரிகல் அல்லது உடைத்த மரக்கரி 1 பங்கு, சலித்த செம்மண் 1 பங்கு. பியூமிஸ் கிடைத்தால் அதற்குத்தான் முதலிடம். கல்லுக்குள் துளை இருப்பதால் தண்ணீரையும் பிடிக்கும், காற்றையும் விடும். கருங்கல் சிப்ஸைப் பலமுறை அலசித் தூசியைப் போக்கிய பின்பே சேர்க்க வேண்டும். அந்தத் தூசிதான் ஈரத்தில் சிமெண்டுபோல் இறுகித் துளைகளை அடைக்கும். எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம், காரணம் அதேதான். தேங்காய் நார்க்கழிவைச் சேர்ப்பதாக இருந்தால் இலைமட்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. அதையும் உப்புப் போகக் கழுவியே சேர்க்க வேண்டும். சாணியும் பச்சை எருவும் இந்தச் செடிக்கு ஆகாது.

கலவையைத் தொட்டியில் நிரப்பி ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மேலே குளம்போல் நின்றால் கல்லைக் கூட்டுங்கள். ஊற்றிய வேகத்திலேயே அடியில் கொட்ட வேண்டும். அரைமணி கழித்துக் கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டக்கூடாது, ஆனால் குளிர்ச்சி தெரிய வேண்டும்.

நடுவது

மலைப் பகுதியில் சொந்த நிலம் இருந்தால் தரையில் நடுவதே மேல். தொட்டியைவிட நிலத்தின் அடியில் வெப்பம் குறைவு, ஏற்ற இறக்கமும் குறைவு. சரிவோ, படிக்கட்டு வரப்பின் விளிம்போ பாருங்கள். சமதரைதான் என்றால் 30 செ.மீ. உயரத்துக்குக் கல்லும் கலவையுமாக மேடு கட்டுங்கள். 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, அடியில் கைமுஷ்டி அளவுக் கற்கள், மேலே மேற்சொன்ன கலவை.

செடியை நேராக நடாதீர்கள். 20 முதல் 40 டிகிரி சாய்வாக, முகம் சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்தபடி நட வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் குருத்தில் நிற்காமல் வழிந்து போகும். செடியின் கழுத்து, அதாவது வேரும் மடலும் சேரும் இடம், மண்மட்டத்துக்கு இரண்டு செ.மீ. மேலே நிற்கட்டும். கழுத்தைச் சுற்றி மண்ணை அணைக்காமல் சிறுகற்களை மட்டும் அணையுங்கள். செடிக்குப் பின்பக்கம், சரிவின் மேற்புறத்தில், பாதி புதைந்தபடி தட்டையான பாறை ஒன்றைப் பதித்தால் அதன் அடியில் வேருக்கு நிழலும் ஈரமும் கிடைக்கும். வேர்கள் தாமாகவே அந்தக் கல்லுக்குக் கீழே ஓடிச் சேரும்.

தொட்டியில் என்றால் செடியின் அகலத்தைவிட 5 செ.மீ. கூடுதலான வாயுள்ள, சுடுமண் தொட்டி. நிறம் பூசாதது. வேர் ஆழமாக இறங்குவதைவிடப் பக்கவாட்டில் பரவும், அதனால் அகலத் தொட்டியே போதும். பெரிய தொட்டியில் சின்னச் செடியை வைப்பது பலரும் செய்யும் தவறு. வேர் எட்டாத கலவை நாட்கணக்கில் ஈரமாகக் கிடந்து அழுகலுக்கு வழிவிடும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு அளவு கூட்டி மாற்றிக்கொண்டே போங்கள்.

வெயில் காலத்துக்கு நம் வீட்டு மண்பானை வித்தை இங்கே கைகொடுக்கும். செடித் தொட்டியை அதைவிட 10 செ.மீ. அகலமான இன்னொரு சுடுமண் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணலை நிரப்பி, தினம் காலையில் மணலை மட்டும் நனையுங்கள். ஈரம் ஆவியாகும்போது உள்தொட்டி குளிரும். உலர்ந்த காற்றுள்ள ஊரில்தான் இது வேலை செய்யும். புழுக்கத்தில் ஈரம் ஆவியாகாது, குளிர்ச்சியும் வராது. கடற்கரை ஊர்க்காரர்கள் இதை நம்பிச் செடி வாங்க வேண்டாம்.

தண்ணீர்

செடி வளரும் பருவத்தில், அதாவது பகல் 15 டிகிரிக்கு மேலும் 27க்குக் கீழும் இருக்கும் மாதங்களில், கலவையின் மேல் 2 செ.மீ. உலர்ந்ததும் ஊற்றுங்கள். தொட்டியில் வாரம் இரண்டு மூன்று முறை வரலாம். கொஞ்சமாகத் தெளிப்பதில் பயனில்லை. அடியில் தாராளமாக வெளியேறும் வரை ஊற்ற வேண்டும். பழைய தண்ணீரையும் சேர்ந்த உப்பையும் தள்ளிக்கொண்டு போகும், போகிற வழியில் புதுக்காற்றையும் உள்ளே இழுக்கும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். மழைத்தண்ணீர் சிறந்தது. உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் மடல் நுனி கருகிக்கொண்டே வரும்.

உச்சிவெயிலில் ஊற்றுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். சூட்டில் வேரின் மூச்சோ கூடும். ஈரமும் சூடும் சேர்ந்த மண்ணில் அழுகல் பூஞ்சைகளுக்குக் கொண்டாட்டம். செடி மூச்சுத் திணறுகிற நேரத்தில் எதிரி பலம் பெறுகிறான். அதனால் அதிகாலையில் மட்டும் ஊற்றுங்கள். வெப்ப அலை அடித்தால் செடியை நிழலுக்கு மாற்றி, தண்ணீரைக் குறைத்து, கலவையை லேசான ஈரத்தில் வைத்திருங்கள். மடல் வாடியதுபோல் தெரிந்து பரிதாபப்பட்டு ஊற்றினால்தான் அழுகும்.

குளிர்காலத்தில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். உறைபனி எதிர்பார்க்கும் இரவுக்கு முந்தைய நாள் ஊற்ற வேண்டாம். நன்கு வேர்பிடித்த செடி சுழியத்துக்குக் கீழே ஐந்து டிகிரியைச் சாதாரணமாகத் தாங்கும், வடிகால் நன்றாக இருந்தால் இன்னும் கீழும் போகும். 15 செ.மீ.க்குள் உள்ள கன்றுகளுக்கு மட்டும் ஒரு துணி மூடல் போடுங்கள்.

வெளிச்சமும் உரமும்

குளிர்ந்த ஊரில் முழு வெயில். சற்று வெப்பமான ஊரில் காலை வெயிலும் பகல் 12 மணிக்குப் பின் நிழலும். வெளிச்சம் போதாவிட்டால் மடல்கள் நீண்டு மெலிந்து, சுருள் கட்டுக்குலையும். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வரும் இடமென்றால் வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்புங்கள். வீட்டுக்குள் மேசைமேல் அலங்காரமாக வைக்க ஆசைப்படுபவர்களுக்கு இது ஏற்ற செடி அல்ல.

வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் பாதி மட்டும் கரைத்த சமச்சீர் திரவ உரம். தழைச்சத்து கூடினால் மடல் ஊதி மென்மையாகும், பூச்சிக்கு விருந்து. கோடை உச்சத்திலும் குளிரிலும் உரம் கிடையாது.

சுருள் எப்போது வரும்

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. செடி சுமார் 20 செ.மீ. அகலத்தை எட்டும்வரை மடல்கள் சாதாரணக் கற்றாழைபோல் அடுக்கியிருக்கும். அதற்குப்பின் மெல்லத் திரும்ப ஆரம்பிக்கும். 30 செ.மீ. ஆகும்போது தெளிவாகத் தெரியும். வாங்கிய கன்றுக்கு இரண்டு மூன்று வருடம், விதையிலிருந்து என்றால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இடமாகச் சுற்றுமா வலமாகச் சுற்றுமா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. இரண்டும் காட்டிலேயே கலந்துதான் இருக்கின்றன. பூமியின் வடபாதியில் ஒரு பக்கம், தென்பாதியில் மறுபக்கம் என்பதெல்லாம் கதை.

கெட்டுப்போகும்போது

மடல்கள் எல்லாம் உள்நோக்கி மூடி, செடி முட்டைக்கோஸ்போல் குவிந்தால் அது தாகத்தின் அடையாளம். தாகத்துக்குக் காரணம் இரண்டு. கலவை காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், ஓரிரு நாளில் விரியும். கலவை ஈரமாக இருந்தும் மூடியிருந்தால் வேர் செத்துவிட்டது, உறிஞ்ச ஆளில்லை. இந்த இரண்டாவதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் செடியை முடித்துவைக்கிறது.

வேர் அழுகல் என்று தெரிந்தால் அன்றே செடியைப் பிடுங்குங்கள். கலவையை முழுவதும் கழுவிவிட்டு, பழுப்பாகக் குழைந்த வேர்களை வெட்டுங்கள். அடித்தண்டைக் குறுக்காகச் சீவிக்கொண்டே வந்து, பழுப்பு வளையம் ஏதுமில்லாமல் வெளிர் நிறச் சதை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். அடியில் உள்ள மடல்களை நாலைந்து உரித்தெடுக்க வேண்டி வரலாம். வெட்டிய இடத்தில் கந்தகத் தூள் தடவி, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் வையுங்கள். பிறகு வெறும் பியூமிஸ் நிரப்பிய தொட்டியின் மேல் உட்கார வைத்து, கல்லை மட்டும் லேசாக ஈரப்படுத்துங்கள். வேர்விட ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். குருத்தே குழைந்து நாற்றம் வந்தால் காப்பாற்ற வழியில்லை.

அடிமடல் ஒன்றிரண்டு காய்வது இயல்பு. கத்தியால் வெட்டாமல் முழுதாகக் காய்ந்தபின் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். அங்கேதான் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கும், கவனியுங்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும். எண்ணெய்க் கரைசல்களை, வேப்பெண்ணெய் உட்பட, வெயிலில் தெளித்தால் மடல் வெந்துவிடும். மாலையில், மேகமூட்டத்தில் மட்டும் தெளியுங்கள். மலையூர்களில் மழைக்காலத்து நத்தைகள் இளம் மடலைச் சுரண்டித் தின்னும். அந்தத் தழும்பு மடல் உதிரும்வரை மாறாது, அதனால் இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவது லாபம்.

மடல் ஓரத்திலோ பூத்தண்டிலோ மரு போலக் கரடுமுரடான கட்டிகள் தோன்றினால் அது கற்றாழைச் சிலந்திப்பூச்சியின் வேலை. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, காற்றில் பரவும். கட்டி வந்த பகுதியைத் தாராளமாக வெட்டி எரித்துவிடுங்கள். குருத்திலேயே வந்திருந்தால் செடியையே எரித்துவிட வேண்டும். ஒன்றைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் பக்கத்தில் உள்ள கற்றாழை எல்லாம் போகும்.

விதையும் பூவும்

விதை புதிதாக இருக்க வேண்டும். வைக்க வைக்க முளைப்புத்திறன் விழும். கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு மூடி போட்ட ஆழமில்லாத டப்பாவில் ஒரு அங்குலம் ஊற்றி, விதைகளை மிதக்கவிடுங்கள். 20 முதல் 25 டிகிரியில், நேர்வெயில் படாத இடம். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், பூசணம் பிடித்த விதையை உடனே எடுத்தெறியுங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் வெள்ளை முனை நீட்டும். அது அரை செ.மீ. ஆனதும் பல்குத்தும் குச்சியால் தூக்கி, 2 மி.மீ. அளவுக்குச் சலித்த கலவையின் மேல் வைத்து, வேர் மட்டும் உள்ளே போகும்படி நடுங்கள். ஆறு மாதம்வரை மேற்பரப்பு காயக்கூடாது. முதலில் மடல்கள் இரண்டே வரிசையில் எதிரெதிராக வரும், பயப்பட வேண்டாம்.

பூக்கப் பல வருடம் ஆகும். லெசோத்தோவில் அங்குள்ள வசந்தமான செப்டம்பர், அக்டோபரில் பூக்கும். வடபாதி நாடுகளில் நம் பங்குனி, சித்திரையை ஒட்டி. அரை மீட்டர் உயரத்தில் கிளைவிட்ட தண்டு, இளஞ்சிவப்பு முதல் ஆரஞ்சுச் சிவப்புவரை நிறம், எப்போதாவது மஞ்சள். சொந்த மண்ணில் நீண்ட வாலும் பச்சை மினுமினுப்பும் கொண்ட மாலகைட் தேன்சிட்டு மகரந்தம் கடத்துகிறது. தோட்டத்தில் மெல்லிய தூரிகையால் நாமே செய்யலாம், ஆனால் ஒரே சமயம் பூத்த வேறொரு செடி வேண்டும், தன் மகரந்தத்தில் காய் பிடிக்காது. அருகில் வேறு கற்றாழை இனங்களும் பூத்திருந்தால் பூங்கொத்தை வலைத்துணியால் மூடுங்கள், இல்லாவிட்டால் கலப்பின விதைதான் கிடைக்கும். பூத்ததும் செத்துவிடுமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. அது ஆனைக்கற்றாழையின் குணம், அது கற்றாழைக் குடும்பமே இல்லை. சுருள் கற்றாழை பூத்தபின்னும் வாழும். விதை வேண்டாமென்றால் பூ உதிரத் தொடங்கியதும் தண்டை அடியிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். மிச்சம் காய்ந்து தானாகக் கழன்று வரும்.